அத்தான் கேட்ட திங்கட்கிழமை

தொலைதூரப் பேருந்துகளுக்கு இருக்கை பதிவு செய்யும் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான். கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உலகத்தில் உள்ள அத்தனை குழப்பமும். போகிற ஊரையும் வருகிற ஊரையும் மாற்றிச் சொல்கிறவர்கள், முந்தாநாள் பஸ்ஸுக்கு டிக்கெட் கேட்கிறவர்கள், சன்னல் சீட்டுக்காகப் பெண்டாட்டியோடு என் முன்னாலேயே சண்டை போடுகிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. யாராக இருந்தாலும் இரண்டு கேள்வியில் தெளிய வைத்து அனுப்பிவிடுவேன். என் சொந்த அக்காள் புருஷன்தான் என்னை ஒரு மாதம் முழுக்கக் கிறுக்குப் பிடிக்க வைத்தார்.

அத்தானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பாய்லர் ஓட்டியவர். படுக்கை விரிப்புகளை வெளுப்பதற்கும், ஆபரேஷன் கத்திகளைக் கிருமி போகச் சுத்தம் செய்வதற்கும், சமையல்கட்டில் அண்டா அண்டாவாக வேக வைப்பதற்கும் அந்த ஒரு பாய்லரிலிருந்துதான் நீராவி போகும். கரி அள்ளிப் போடுவது வேலையில் பாதி. மீதிப் பாதி, பார்த்துக்கொண்டே இருப்பது. பாய்லரின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரியும். பக்கத்திலேயே அழுத்தம் காட்டும் முள். தண்ணீர் இறங்கினாலும் ஆபத்து, முள் ஏறினாலும் ஆபத்து. உள்ளே நெருப்பு இருக்கும்வரை அந்த இரண்டையும் விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் சட்டம். கை கழுவப் போவதானால்கூட இன்னொருவரை அங்கே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

சட்டம் ஆஸ்பத்திரி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்து குடித்தனம் நடத்தியது. அத்தானின் நாற்காலி கூடத்தில் இருந்தாலும் அதன் முகம் அடுப்பைப் பார்த்துத்தான் இருக்கும். குக்கர் ஏறியிருந்தால் அவரிடம் எதைப் பேசினாலும் பதில் குக்கருக்குத்தான் போகும். மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் மனிதர் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் தலை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் சமையல் கொட்டகை இருந்தது. வெந்நீர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. யாராவது அணைத்துவிட்டேன் என்று சொன்னால்தான் கண் அசருவார்.

அக்கா இதையெல்லாம் எப்படிச் சகித்தாள் என்று கேட்காதீர்கள், அவளும் ஒருவிதமாக அந்த பாய்லரிலேயே வாழ்ந்துவிட்டாள். பின்பக்கம் துணி காயப்போடும் பால்கனியிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிப் புகைபோக்கி தெரியும். ஈரத்துணியை உதறிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள். "கறுப்பா வருது, ஈரக் கரிய குடுத்துட்டானுங்க போல. இன்னிக்கு மனுஷன் சிடுசிடுன்னு வருவாரு." இன்னொரு நாள், "லேசா சாம்பலா இருக்கு. நல்லாத்தான் இருக்காரு." போன் பண்ணிக் கேட்கிற வழக்கமே இல்லை. புகையைப் பார்த்தே உலை வைத்துவிடுவாள்.

போன வருடம் அத்தானுக்கு ஓய்வு கிடைத்தது. இந்த வருடம் அக்காவின் முட்டி அவளைக் கைவிட்டது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்குப் பிறகு நெடுநாளைக்குப் பயணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நேராக என் கவுண்டருக்கு வந்தாள். தங்கை என்று சலுகை எடுக்காமல் வரிசையிலேயே நொண்டி நொண்டி நகர்ந்து வந்து, ஓட்டை வழியாக ஒரு வண்ணத்தாளை என் பக்கம் தள்ளினாள்.

"போக வர ரெண்டு டிக்கெட் போடு டி. எனக்கும் உங்க அத்தானுக்கும்."

தாளைப் பார்த்தேன். பழைய இயந்திரங்களின் கூடம். ஒரு காலத்தில் ஊருக்கே தண்ணீர் இறைத்த நீராவி எஞ்சினும், வார்ப்பட்டையில் ஓடும் அச்சு இயந்திரமும், இன்னும் என்னென்னவோ. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மலையடிவாரத்தில் ஒரு நீராவி ரயில், அதில் ஏறிப் போய்விட்டு வரலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊர்ல எவ்வளவோ இடம் இருக்கு. வீட்டுல பாத்த பாய்லர் போதாதா உனக்கு?"

"வேற எங்க கூப்பிட்டாலும் வர மாட்டாரு. இதுன்னா வருவாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு அவரோட சன்னல் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை எங்கயாவது போகணும். அவ்வளவுதான். இந்த முட்டியோட இனிமே எப்ப முடியுமோ. இதுவும் நடக்கலன்னா நான் இனி கேக்கவே மாட்டேன்" என்றாள். பின்னால் நின்றவர் கனைத்தார். நான் முறைத்த முறைப்பில் அவர் அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார்.

அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். தங்கிய ஹோட்டலின் பின்னால் வெந்நீர் பாய்லர் ஒன்று இருந்திருக்கிறது. முதல் நாள் காலையிலேயே அது சீறுகிற சத்தம் அத்தான் காதில் விழுந்தது. "இதோ வரேன்" என்று இறங்கிப் போனார். போய்ப் பார்த்தால் நெருப்பை எரியவிட்டுவிட்டு ஆள் எங்கோ போயிருக்கிறான். அவன் வரும்வரை இவர் நின்றார். வந்த பிறகு, இப்படிப்பட்டவனை எப்படி நம்பி விடுவது என்று நின்றார். ஊர் திரும்பும்வரை அந்த நிற்பு முடியவில்லை. அக்கா அறை சன்னலிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். இந்தக் கதையை எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அன்று என் கவுண்டரில் அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நாலு வசனம் தயாராக வைத்திருந்தேன். மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போலாமே" என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் வாயெல்லாம் பல். அடுத்த வார்த்தை அதற்கப்புறம் வந்தது.

"திங்கக்கிழமை போலாம்."

திங்கட்கிழமை அந்த இரண்டு இடத்துக்கும் விடுமுறை. தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எஞ்சின்களுக்கு நெருப்பு மூட்டி ஓடவிடுவது சனியும் ஞாயிறும் மட்டும். செவ்வாய் முதல் வெள்ளிவரை உள்ளே போகலாம், ஆனால் எல்லாம் சும்மா நிற்கும்.

"அத்தான், திங்கக்கிழமை கதவே தொறக்க மாட்டாங்க."

"வெளிய இருந்து பாத்துட்டு வரலாம்."

"கதவையா பாக்கறது?"

"சுத்திலும் தோட்டம் இருக்கும் இல்ல" என்றார்.

ஒருவேளை சரியாகப் படிக்கவில்லையோ என்று மறுபடி விளக்கினேன். சனிக்கிழமை போனால் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுவார்கள், மறுநாள் ரயிலில் ஏறலாம், நீங்கள் பார்த்த பாய்லரின் தாத்தாவே அங்கே இருக்கும் என்றேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார். முடிவில், "அப்ப செவ்வாய்க்கிழமை?" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. வாழ்நாள் முழுக்க நெருப்பு முன்னால் நின்றவர், அணைந்துபோன எஞ்சினைப் பார்க்க அடம்பிடிக்கிறார். சரி, கூட்டம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை போய்விட்டு ராத்திரிக்குள் திரும்புகிற மாதிரி ஒரு திட்டம் போட்டேன். உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "வெள்ளிக்கிழமை மத்தியானமே மறுநாளுக்காக நெருப்பு மூட்ட ஆரம்பிச்சுடுவாங்களே. பெரிய பாய்லர் சூடேற நேரமாகும்" என்றார். வெள்ளியும் போயிற்று. புதன்கிழமைக்குப் போட்டேன். புதன்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்காகச் சின்ன எஞ்சின் ஒன்றைக் கொளுத்திக் காட்டுவார்களாம். எங்கேதான் விசாரித்தாரோ. புதனும் போயிற்று. நான் ஒரு பக்கம் கட்டினால் அவர் மறுபக்கம் அவிழ்த்தார். அரை டஜன் தடவை பதிவு செய்து ரத்து செய்ததில், என் சூப்பர்வைசர் நான் ஏதோ தில்லுமுல்லு செய்வதாக நினைத்து என் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அவள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தாள்.

"வர இஷ்டமில்ல டி. வரலன்னு சொன்னா நான் அழுவேன்னு யாரும் போக முடியாத நாளாப் பாத்து சொல்றாரு. விடு. டிக்கெட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். காயப்போடத் துணி ஒன்றும் இல்லை. எனக்கு அத்தான் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் கோபத்திலும் ஏதோ இடித்தது. வர இஷ்டமில்லாதவர் எதற்காக எஞ்சினுக்கு எப்போது நெருப்பு மூட்டுகிறார்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார்? ஒருவேளை பயமோ? வேலையில் ஏதாவது விபத்து நடந்து நம்மிடம் மறைத்துவிட்டாரோ? ஆஸ்பத்திரிக்கே போனேன். அத்தானுக்கு அடுத்து பாய்லருக்கு வந்த ஆள் என்னிடம் பேசும்போதும் கண்ணாடிக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வியாதி எல்லோருக்கும் பொது என்று அன்றுதான் தெரிந்தது.

"விபத்தா? அண்ணனுக்கா? நீங்க வேற" என்றார் அவர், குழாயிடம். "வாரத்துக்கு ஒரு நாள் இங்க வந்து நிப்பாரு. நான் சாப்பிட்டு வரேன்னு போனா எனக்குப் பதிலா பாத்துக்குவாரு. ஆசையா நிப்பாரு."

பயமும் இல்லை. சூடான பாய்லரை ஆசையாகப் பார்க்கிறார், ஆனால் சூடான எஞ்சின் வேண்டாம். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பி வரும் வழியில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். பஸ் டிக்கெட் விற்கிறவளுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

கடைசியாக நேரே அந்த ரயில்காரர்களுக்கே போன் போட்டேன். கூட்டம் இல்லாமல், நெருப்பும் இல்லாமல் பார்க்க ஏதாவது நாள் உண்டா என்று கேட்டேன். 

"நீங்களும் அந்தக் கோஷ்டியா?" என்றார் போனை எடுத்தவர்.

"எந்தக் கோஷ்டி?"

"ஒரு ஆளு விடாம போன் பண்றாரும்மா. எஞ்சின் எந்த நாள் நல்லா ஆறிக் கிடக்கும், பக்கத்துல யாராவது நிப்பாங்களா, அடுத்து எப்ப நெருப்பு போடுவீங்கன்னு கேட்டுட்டே இருக்காரு. எஞ்சின்ல பித்தளை நெறைய இருக்கு. கழட்டறதுக்குத்தான் நோட்டம் விடறாருன்னு வாட்ச்மேன உஷாரா இருக்கச் சொல்லியிருக்கோம்."

எண்ணைப் படிக்கச் சொன்னேன். அத்தானின் எண்தான். அவர் என் அக்காள் புருஷன், ஒரு ஸ்பூன்கூடத் திருடத் தெரியாதவர் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கவுண்டரை அடைத்துவிட்டு அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். அடுப்பில் குக்கர். நான் அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் போய் நின்றேன். என்னைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

"என்ன டிக்கெட், வேலை சீக்கிரம் முடிஞ்சுதா?" என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ரயில்காரங்க உங்களப் பித்தளைத் திருடன்னு நெனச்சுட்டு இருக்காங்க, அத்தான். அக்கா நீங்க அவளக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லாம நடிக்கறீங்கன்னு அழுதுட்டு இருக்கா. நீங்க என்னதான் நெனச்சுட்டு இருக்கீங்க? எனக்கு மண்டை காயுது. எதுக்கு உங்களுக்கு ஆறிப்போன எஞ்சின்?"

கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுதாள் என்றதும்தான் அவர் முகம் மாறியது.

"அழுதாளா?"

"அழாம? போறதுக்கு நீங்கதானே முட்டுக்கட்டை."

"சூடா இருந்தா நான் அதையேதான் பாத்துட்டு இருப்பேன்" என்றார், மெதுவாக. "என்னப் பத்தி எனக்குத் தெரியும். தண்ணி எவ்வளவு இருக்கு, முள்ளு எங்க நிக்குது, அங்க நிக்கறவன் சரியாப் போடறானா... ரயில்ல ஏறினாலும் மனசு எஞ்சின்லதான் இருக்கும். பக்கத்துல யாரு இருக்கான்னு தெரியாது. அன்னிக்கு அந்த ஹோட்டல்ல நடுவுல ஒரு தடவை மேல வந்தேன். உங்க அக்கா புதுப் புடவை கட்டி, தல நெறைய பூ வெச்சு, கைப்பைய மடியில வெச்சுட்டுக் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தா. வெளிய போகக் கெளம்பி அப்படியே உக்காந்திருந்தா. நான் அதப் பாத்துட்டும் இதோ வரேன்னு திரும்பிக் கீழ போயிட்டேன். அவ அதச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வெக்கறா. எனக்கு ஒரு தடவகூடச் சிரிப்பு வரல."

"அதுக்கு?"

"ஆறிப்போன எஞ்சின்னா அதுல எனக்குப் பாக்க என்ன இருக்கு? ஒண்ணும் இருக்காது. அவளத்தான் பாக்கணும்."

நான் அப்படியும் விடாமல், "அப்ப கடலுக்கோ காட்டுக்கோ போலாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அவ எனக்காகத்தான் இந்த எடத்தத் தேடிப் புடிச்சான்னு எனக்குத் தெரியாதா? அத வேண்டாம்னு எப்படிச் சொல்றது."

அப்போதுதான் கவனித்தேன். அக்கா பால்கனிக் கதவருகில் வாளியோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ. வாளியைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், விசில்கூட வராத குக்கரின் அடியில் அடுப்பை அணைத்தாள். அத்தானின் பார்வை அடுப்பை விட்டு அவள் மேல் வந்தது. அவள் அங்கேயே நின்றாள். அன்று அந்த வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு ஆகவில்லை.

"சனிக்கிழமைக்கே போடு டி" என்றாள் என்னிடம். "மூணு டிக்கெட். படி ஏற எனக்கு உன் தோள் வேணும்."

"சனிக்கிழமை வேண்டாம்மா. நான் சொல்றேன் இல்ல" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எதைப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கேட்டாலும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்று நொந்துகொண்டு டிக்கெட் போட்டேன்.

இயந்திரக் கூடத்தில் அவர் பயந்தபடியேதான் நடந்தது. தண்ணீர் எஞ்சின் பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்ததும் அத்தான் பாய்லர் அறை வாசலில் ஆணி அடித்தது போல நின்றார். அக்கா பெஞ்சியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் ஒரு சுற்று வந்து கலைந்தது. போச்சு, அதே ஹோட்டல் கதைதான் என்று நான் பதறினேன். அவள் மட்டும் பதறவில்லை.

மறுநாள் ரயில். பச்சைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டிகள், எதிரும் புதிருமான பெஞ்சிகள், முன்னால் கறுப்பு எஞ்சின். மேடையில் வாட்ச்மேன் ஒருவர் அத்தானையே பார்த்துக்கொண்டு எங்கள் பெட்டிக்கு அருகிலேயே நடந்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏறியவுடன் அத்தான் எஞ்சினைப் பார்த்த மாதிரி உட்காரப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து எதிர் பெஞ்சியில், எஞ்சினுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். அவள் அவருக்கு எதிரே சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

வண்டி நகர்ந்ததும் மனிதர் நெளிய ஆரம்பித்தார். கழுத்தைத் திருப்பினார், எழுந்தார், உட்கார்ந்தார். முதல் வளைவு வந்தது. வளைவில் எஞ்சினும் அதன் புகையும் அக்காவின் சன்னலுக்கு நன்றாகத் தெரிந்தன. அவள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"சாம்பலாத்தான் வருது. லேசா" என்றாள்.

அத்தான் நெளிவதை நிறுத்தினார். "கறுப்பு இல்லையே?"

"இல்ல. நல்லாத்தான் போடறாங்க. நான் பாத்துக்கறேன், நீங்க இங்க பாருங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை கழுவப் போவதானால்கூட இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அக்கா அந்த இடத்தில் தன்னையே நிறுத்திக்கொண்டுவிட்டாள்.

அடுத்த வளைவிலும் அவர் கேட்டார், அவள் சொன்னாள். அதற்கடுத்த வளைவில் அவர் கேட்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். புகைக்காக வெளியே நீட்டிய முகத்தில் காற்று அடித்து அவள் முடி பறந்தது, கண்ணோரம் கரித்தூள் ஒட்டியிருந்தது. "என்ன அப்படிப் பாக்கறீங்க, தங்கச்சி இருக்கா" என்றாள் அக்கா, என் பக்கம் கண்ணைக் காட்டி. "இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான். எதிர் சன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி திரும்பியபோது அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நெருப்பு எரிய, பாய்லர் கொதிக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படி ஒரு தூக்கம். ஹீட்டர் ஓடினால் கண் மூடாதவர். அக்கா கைப்பையிலிருந்து துண்டை எடுத்து மடித்து, அவர் தலைக்கும் சன்னல் கட்டைக்கும் நடுவில் வைத்தாள்.

"இப்ப தூங்கறாரு பாரு, கிறுக்கு மனுஷன்" என்றேன். "மலை வரப்போவுது, எழுப்பவா?"

"வேண்டாம் டி, எழுப்பாத" என்றாள் அக்கா, சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "புகை சரியாத்தான் வருது."